உப்பரித்த சுவரும் மாட்டிய படமும்

1

அறையை அழகுபடுத்துவது பற்றி வார இதழ்களும் அவற்றின் வண்ண இணைப்புகளும் நமக்குச் சொல்லித்தரும் சூத்திரம் ஒன்று உண்டு. முதலில் ஒரு படத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அந்தப் படத்திலிருந்து ஒரு நிறத்தை எடுத்துத் திரைச்சீலைக்குக் கொடுங்கள், இன்னொரு நிறத்தை மெத்தை உறைக்குக் கொடுங்கள். படம் கண்மட்டத்தில் இருக்கட்டும். சுற்றிலும் கொஞ்சம் வெற்றுச் சுவரை விட்டுவையுங்கள், அப்போதுதான் படம் 'பேசும்'. இவ்வளவுதான் சூத்திரம். கேட்பதற்கு யாருக்கும் கெடுதல் செய்யாத யோசனை மாதிரிதான் தெரிகிறது.

ஆனால் இதையும் ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்தால், சொல்லாமலே அது வைத்துக்கொண்டிருக்கும் மூன்று அனுமானங்கள் வெளியே வருகின்றன. ஒன்று, சுவர் காலியாக இருக்கிறது. இரண்டு, அந்தச் சுவர் என்னுடையது. மூன்று, படத்தைத் தேர்ந்தெடுப்பவன் நான். இந்த மூன்றும் சேர்ந்து உற்பத்தி செய்யும் தன்னிலைக்குத்தான் 'ரசனை உள்ளவர்' என்று பெயர். ரசனை என்பது பிறவிக் குணம் அல்ல, வர்க்கம் தன்னை மற்ற வர்க்கத்திலிருந்து பிரித்துக் காட்டிக்கொள்ளும் வழி என்று பியர் பூர்தியு 1979இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகக் காட்டினார். அவர் பார்த்தது பிரெஞ்சுச் சமூகம். சாதியால் தெரு பிரிந்து கிடக்கிற நம் ஊருக்கு அதை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து நட முடியாது. இங்கே சுவரில் என்ன மாட்டுகிறோம் என்ற கேள்விக்கு முன்னால், சுவர் யாருக்கு இருக்கிறது என்ற கேள்வி நிற்கிறது.

அந்தக் கேள்வியை மரக்காணத்து உப்பளக் கரையில் வைத்துக் கேட்டுப் பார்க்கலாம் என்பதே இக்கட்டுரை. சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கழுவெளி ஏரி கடலைத் தொடும் முகத்துவாரத்தை ஒட்டி மூவாயிரம் ஏக்கருக்கு மேல் பாத்தி கட்டிய வெள்ளை நிலம். காரில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தப் படங்களில் சில சட்டகத்துக்குள் நுழைந்து நகரத்து வரவேற்பறைச் சுவர்களுக்கும் போயிருக்கக்கூடும். உப்பு வாருகிறவர்களின் வீட்டுச் சுவரில் என்ன இருக்கிறது என்பது வேறு விஷயம்.

2

அறையும் படமும் நமக்கு மேற்கிலிருந்து வந்த பொருள்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். தமிழ் படித்தவர்கள் இதை ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் அரசியின் அறை முழுக்க முழுக்க அலங்கரிக்கப்பட்ட அறைதான். செம்பினால் செய்தது போன்ற நெடுஞ்சுவர், அதில் பல பூக்களோடு வளைந்து ஓடும் கொடி ஓவியம், கட்டிலுக்கு மேலே மெழுகு பூசிய துணியில் எழுதிய விண்மீன் மண்டலம். அந்த ஓவியத்தில் உரோகிணியைப் பிரியாத நிலவு இருக்கிறது. கணவன் போர்ப்பாசறையில் இருக்க, அரசி அதைப் பார்க்கிறாள், பெருமூச்சு விடுகிறாள். அறைக்கு அழகு சேர்க்க வரைந்த படம் அந்த அறையில் இருப்பவளைக் குத்துகிறது. தமிழில் உள்ள மிகப் பழைய உள்ளறை ஓவியக் காட்சிகளில் ஒன்று இது. இதில் படம் ஒருத்திக்கானது. பார்வையும் ஒருத்தியின் பார்வை.

இதற்கு நேர் எதிராக இன்னொரு சுவரைப் பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் காட்டுகிறது. திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்துக்கு மதுரை மக்கள் கூட்டமாக வருகிறார்கள். இவன் யார், இவள் யார் என்று ஒருவர் கேட்க, இவன் காமன், இவள் இரதி, இது பூனையாகிப் போன இந்திரன், இவள் அகலிகை என்று இன்னொருவர் சொல்கிறார். இங்கே படம் பார்க்கப்படுவது மட்டும் இல்லை, கேட்கப்படுகிறது. சுவர் ஒரு உரையாடலின் இடமாக இருக்கிறது. படத்தைப் பற்றித் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்கிறபோது கதையும் கடத்தப்படுகிறது, கதையோடு கருத்தியலும் கடத்தப்படுகிறது. அகலிகை கல்லான கதையைச் சுவரில் பார்த்து மனைவிக்குக் கணவன் விளக்குவது அப்படி ஒன்றும் அப்பாவியான காரியம் அல்ல.

ஒருத்திக்கான சுவர், கூட்டத்துக்கான சுவர் என்ற இந்த இரண்டு வகையோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்று கொள்பவர்கள் உண்டு. அங்கே உள்ள பூமீசுவரர் கோயில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கோயில் சுவரில் எழுத்து வெட்டுவது அலங்காரத்துக்காக அல்ல. யார் எதைக் கொடுத்தார், எந்த நிலம் யாருடையது, எதற்கு வரி உண்டு, எதற்கு இல்லை என்பதற்கான பதிவேடு அது. கொடுத்தவன் பெயர் சுவரில் நிற்கும். கொடுக்க ஏதுமில்லாதவன் பெயர் நிற்காது. சுவர் பதிவேடாகவும் இருக்க முடியும் என்ற இந்த மூன்றாவது பொருள்தான் பின்னால் நமக்குத் தேவைப்படப்போகிறது.

3

முதல் அனுமானம்: சுவர் காலியாக இருக்கிறது. உப்பளக் கரையில் எந்தச் சுவரும் காலி இல்லை. சுவருக்குள் உப்பு இருக்கிறது.

இது உருவகம் இல்லை, பௌதிகம். கடல்நீரில் ஏறத்தாழ 3.5 சதவீதம் உப்பு. அதைப் பாத்தியில் தேக்கி, வெயிலுக்கும் காற்றுக்கும் கொடுத்து, போமே மானியில் 25 டிகிரி வரும்வரை சுண்டவிட்டால் சோற்றுப்பு படியத் தொடங்குகிறது. அளத்தில் நடக்கும் இதே வேலை வீட்டுச் சுவரிலும் நடக்கிறது. தரையிலிருந்து ஏறும் ஈரமும், கடற்காற்றும், கலவையில் சேர்ந்துவிட்ட உப்பு மணலும் செங்கல்லுக்குள் உப்புநீரைக் கொண்டுபோகின்றன. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு கரைகிறது. ஈரம் குறைந்தால் மறுபடி படிகமாகிறது. படிகம் வளரும்போது இடத்துக்காகப் பூச்சை நெட்டித் தள்ளுகிறது. பூச்சு பொரிந்து உதிர்கிறது. உப்பரித்தல், உப்புப் பூத்தல் என்று இதைச் சொல்கிறார்கள். பகல் முழுக்க உப்பு விளைவித்துவிட்டு வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சுவரும் உப்பு விளைவித்துக் காத்திருக்கிறது, கூலி இல்லாமல்.

இப்படிப்பட்ட சுவரில் படத்தின் முதல் வேலை என்ன? அங்கே ஒரு வீட்டில் நான் பார்த்த படங்களைப் பற்றிக் கேட்டபோது வயதான அம்மா ஒருவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: 'செவுரு பூத்துப் போச்சு தம்பி. மறைப்பா இருக்கட்டும்னுதான் சாமிய மாட்டி வச்சிருக்கோம்.' சாமி கும்பிடுவதற்காக மட்டும் அல்ல, மறைப்பதற்காகவும். இதை அவர் கேலியாகச் சொல்லவில்லை, பக்தி குறைந்தும் சொல்லவில்லை. சட்டகத்துக்குள் எது இருக்கிறது என்பதைப் போலவே, சட்டகத்துக்குப் பின்னால் எது இருக்கிறது என்பதும் படத்தின் பொருள் என்பதை அவர் எந்தக் குறியியலாளனைவிடவும் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்.

வார இதழின் சூத்திரம் படத்திலிருந்து நிறத்தை எடுக்கச் சொல்கிறது. இங்கே சுவரிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. பசை தடவி ஒட்டிய தாள் இரண்டு மழைக்காலம் தாங்காது, பூச்சோடு சேர்ந்து கழன்று வரும். ஆகவே ஒட்டுவதைவிட மாட்டுவது நல்லது. மாத காலண்டரின் மேலும் கீழும் உள்ள தகரப்பட்டி துருப்பிடித்துச் சுவரில் ஒரு பழுப்புக் கோடு போட்டுவிடும். ஆணி துருப்பிடித்து வீங்கிச் சுவரைப் பிளக்கும். எனவே பிளாஸ்டிக் பூச்சுப் போட்ட படம் வருகிறது. சாமி அச்சிட்ட டைல்ஸ் கல் வருகிறது. 2000க்குப் பிறகு பிளக்ஸ் வருகிறது. அரசியல் விழா முடிந்ததும் கழற்றிக்கொண்டு வந்த பிளக்ஸ் மழை ஒழுகும் கூரைக்கும் ஈரச் சுவருக்கும் மறைப்பாகிறது. அச்சடித்த பக்கத்தை உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. தலைவர் உள்ளே சிரிப்பதா, மழையைப் பார்த்துச் சிரிப்பதா என்பதுதான் கேள்வி. 'அழகியல்' என்று நாம் எழுதும் சொல், அங்கே துருவையும் ஈரத்தையும் கணக்குப் பார்த்து எடுக்கும் முடிவுகளின் தொகுப்பு. அதனால் அது அழகியல் இல்லை என்று ஆகிவிடாது. பொருளின் எதிர்ப்பைச் சந்திக்காத அழகியல்தான் சந்தேகத்துக்குரியது.

4

மூன்றாவது அனுமானத்தை இரண்டாவதுக்கு முன்னால் எடுத்துக்கொள்கிறேன்: படத்தைத் தேர்ந்தெடுப்பவன் நான்.

காலண்டர் படத்தைத் தேர்ந்தெடுப்பவர் அதை மாட்டுகிறவர் அல்ல. மளிகைக் கடைக்காரர், அடகுக் கடைக்காரர், ஜவுளிக் கடைக்காரர் தேர்ந்தெடுக்கிறார். ஆடிப் பதினெட்டுக்குச் சிவகாசியில் அடுத்த ஆண்டின் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகின்றன. முகவர் அந்த ஆல்பத்தை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போகிறார். கடைக்காரர் லட்சுமியையோ முருகனையோ வேளாங்கண்ணி மாதாவையோ மெக்காவையோ தம் வாடிக்கையாளரின் கணக்குக்கு ஏற்பத் தேர்கிறார். தை பிறக்கும்போது லட்சுமிக்குக் கீழே கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும் வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. கடன் வாங்கிய கடையின் பெயரை ஆண்டு முழுக்கச் சாமியோடு சேர்த்துக் கும்பிட வேண்டியிருக்கிறது. கோயில் சுவரில் கொடையாளியின் பெயர் நின்றதைச் சொன்னேன். அந்தப் பதிவேடு ஒன்றும் அழிந்துவிடவில்லை, தாளில் அச்சாகிக் குடிசைக்குள் வந்திருக்கிறது. கோயில் சுவரில் கொடுத்தவன் பெயர், குடிசைச் சுவரில் கடன் கொடுத்தவன் பெயர்.

இந்தப் படங்களின் வரலாறு நம் விமர்சகர்கள் போதுமான அளவு எழுதாத வரலாறு. ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். எண்ணெய் வண்ண ஓவியத்தில் இருந்த லட்சுமியும் சரசுவதியும் கல்லச்சு வழியாக வீட்டுச் சுவருக்கு வந்தார்கள். கோயிலுக்குள் போக அனுமதி இல்லாதவர்களும் சாமியின் முகத்தை முழுதாகப் பார்ப்பதற்கு அச்சு வழிசெய்தது. தமிழகத்தில் 1930களின் இறுதியில் தொடங்கிய கோயில் நுழைவுக்கு முன்பே தாளில் ஒரு நுழைவு நடந்துவிட்டது என்று சொன்னால் மிகை ஆகாது. அசலுக்கு இருந்த ஒளிவட்டம் இயந்திரப் பிரதியில் கழன்றுபோகிறது என்று வால்டர் பெஞ்சமின் 1930களில் வாதிட்டார். நம் நாட்டில் பிரதிக்குச் சூடம் காட்டி, பொட்டு வைத்து, பூச்சரம் போட்டு ஒளிவட்டத்தை வீட்டிலேயே தயாரித்துக்கொள்கிறார்கள். அவருடைய கோட்பாட்டை இந்த இடத்தில் நாம் திருத்தித்தான் வாசிக்க வேண்டும்.

தெற்கே, 1920களில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் ஆலை வைத்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்தபின் அதற்குத் தீனி வேண்டும். காலண்டர் அந்தத் தீனி. அதற்குச் சாமி எழுதிக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் கோவில்பட்டி கொண்டையராஜு (1898-1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகக் குழுவுக்குத் திரை எழுதியவர். 1940களில் கோவில்பட்டியில் தங்கி, சீடர்களோடு படம் எழுதினார். காலண்டர் சாமிக்குப் பின்னால் ஏன் எப்போதும் ஒரு அரண்மனைத் தூணோ, தாமரைக் குளமோ, தொலைவில் மங்கும் மலையோ இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? அது நாடகத் திரை. தகரக் கொட்டகையில் ராஜபார்ட் நின்ற இடத்தில் முருகன் நிற்கிறான். மேற்கத்திய வாசகருக்கு கிறிஸ்டபர் பின்னியும் கஜ்ரி ஜெயினும் இந்த அச்சுப் படங்களைப் பற்றி முறையே 2004இலும் 2007இலும் பெரிய புத்தகங்கள் எழுதிவிட்டார்கள். நம் நவீன ஓவிய விமர்சனமோ 'காலண்டர் ஆர்ட்' என்பதை இன்னும் வசைச் சொல்லாகத்தான் வைத்திருக்கிறது.

தினசரி காலண்டருக்கு உப்பளத்தில் இன்னொரு பயனும் உண்டு. உப்பு விளைவது தை, மாசி தொடங்கி ஆவணி, புரட்டாசி வரைக்கும்தான். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்தி முழுக்க வெள்ளம், வேலை இல்லை. கிழிபடும் தாளின் பின்பக்கம் கூலிக் கணக்கு ஏறுகிறது. வேலைக்குப் போன நாளுக்கு ஒரு கோடு. ஐப்பசி, கார்த்திகைத் தாள்களில் கோடு இருக்காது. மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5000 ரூபாய் கொடுக்கும் திட்டத்தை மாநில அரசு 2022இல் தொடங்கியது. அந்தத் தொகையை மூன்று மாத வெற்றுத் தாள்களால் வகுத்துப் பார்த்தால் நாளுக்கு 55 ரூபாய் சொச்சம் வருகிறது. இந்த வகுத்தலைச் செய்யத் தெரிந்த சுவர்தான் அது. அதைப் பார்த்து 'ரசனை போதாது' என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

5

இரண்டாவது அனுமானம்: சுவர் என்னுடையது. இதுதான் ஆபத்தான இடம்.

சாமி படத்துக்குப் பக்கத்தில் தலைவர் படம் இருக்கிறது. எந்தத் தலைவர் என்பது எந்தத் தெரு என்பதைச் சொல்லிவிடும். உள்ளே மாட்டிய படத்தை வெளியிலிருந்து வாசிக்கிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். நீலக் கோட்டு போட்ட அம்பேத்கர் வீட்டுக்குள் இருப்பதை அலங்காரம் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை, மாட்டியவரும் இல்லை, பார்ப்பவரும் இல்லை. அந்தக் கோட்டும் கழுத்துப்பட்டையும் கையில் உள்ள புத்தகமும் ஒரு வாக்கியம். நாங்கள் கேட்டு வாங்கி நிற்கிறவர்கள் இல்லை, எழுதி வைத்துவிட்டு நிற்கிறவர்கள் என்ற வாக்கியம். அரசியல் சட்டத்தை வரைந்த குழுவின் தலைவருக்கு நாடாளுமன்ற மைய மண்டபத்தில் படம் கிடைக்க 1990 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சேரிச் சுவரில் அவர் அதற்கு எவ்வளவோ முன்பே வந்துவிட்டார். தேசத்தின் மையச் சுவர் விளிம்பின் சுவரைப் பின்பற்ற நாற்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

இது முடிந்துபோன கதையும் இல்லை. 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றப் பதிவுத் துறை, நீதிமன்ற வளாகங்களில் காந்தி, திருவள்ளுவர் இருவர் படமும் சிலையும் மட்டுமே இருக்கலாம் என்று சுற்றறிக்கை அனுப்பியது. அம்பேத்கர் படம் வைக்கக் கேட்ட வழக்கறிஞர் சங்கங்களின் கோரிக்கையை ஒட்டி வந்தது அது. எதிர்ப்பு எழுந்தது. சட்ட அமைச்சர் தலைமை நீதிபதியைச் சந்தித்தார். இருக்கிற படங்கள் அகற்றப்படமாட்டா என்று அரசு சொன்னது. ஒரு ஆணி, ஒரு சட்டகம், இவ்வளவுக்கு உயர் நீதிமன்றமும் அமைச்சரும் பேச வேண்டியிருக்கிறது என்றால், படம் மாட்டுவது வெறும் படம் மாட்டுவது இல்லை என்று அர்த்தம்.

அனுமதிக்கப்பட்ட இருவரில் வள்ளுவரின் படமே ஒரு புனைவு என்பதைக் கவனியுங்கள். வள்ளுவர் எப்படி இருந்தார் என்பது யாருக்கும் தெரியாது. வேணுகோபால் சர்மா எழுதிய உருவம் 1960இல் அஞ்சல் தலையாயிற்று, 1964இல் சட்டமன்றத்தில் திறக்கப்பட்டது, பிறகு அரசு அலுவலகச் சுவர்களுக்கும் பேருந்துகளுக்கும் போயிற்று. வெள்ளை ஆடை, பூணூல் இல்லை, நெற்றியில் குறி இல்லை. எல்லாக் குறிகளையும் துடைத்து எடுத்ததனால் எல்லாரும் ஏற்கக்கூடிய குறியாக அது ஆயிற்று. 2019 நவம்பரில் அதே வள்ளுவருக்குக் காவி உடுத்தி, திருநீறு பூசி ஒரு கட்சி சமூக ஊடகத்தில் வெளியிட்டபோது ஏன் அவ்வளவு கலவரம்? இரண்டு நிறத்துக்கு இடையே உள்ள சண்டையாக அதைப் பார்த்தவர்கள், படத்திலிருந்து நிறத்தை எடுத்து அறைக்குக் கொடு என்ற நம் பழைய சூத்திரத்தை நினைத்துக்கொள்ளலாம். இங்கே அறை முழு மாநிலம்.

மரக்காணத்துக்கு வருவோம். 2013 ஏப்ரல் 25, சித்திரைப் பௌர்ணமி. மாமல்லபுரத்தில் வன்னியர் சங்க விழா. விழாவுக்கு வண்டிகள் போன கிழக்குக் கடற்கரைச் சாலையில், மரக்காணத்தில் மோதல் வெடித்தது. தலித் மக்களின் குடிசைகளும் வீடுகளும் எரிந்தன. விழாவுக்குச் சென்றவர்களில் இருவர் உயிரிழந்தார்கள். அன்றைய நிகழ்வுகளின் முழு விவரத்துக்கோ வழக்குகளுக்கோ இக்கட்டுரை போகப்போவதில்லை. இறந்தவர்கள் எந்தச் சாதியானாலும் அவர்கள் வீட்டுச் சுவரில் அவர்களே படமாக ஏறிவிட்டார்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, என் கேள்விக்குத் திரும்புகிறேன். எரிக்கிறவர்கள் கூரையைத்தான் குறிவைக்கிறார்கள். கூரை எரிந்தால் சுவரில் உள்ள படம் முதலில் போகும். பத்து ஆண்டுகளாகச் சேர்த்த கல்யாணப் படம், இறந்த தகப்பனின் ஒரே படம், பிள்ளையின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, பட்டா நகல், எல்லாம் ஒரே ஆணியிலும் ஒரே பெட்டியிலும் இருக்கிறவை. நிவாரணக் கணக்கில் பாத்திரம் வரும், துணி வரும், கூரைக்குப் பணம் வரும். படத்துக்கு நட்ட ஈடு எந்தப் படிவத்திலும் கிடையாது. சுவர் என்னுடையது என்று சொல்வதற்குப் பட்டா மட்டும் போதாது. அதை யாரும் எரிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையும் வேண்டும். ரசனை என்பது அந்த நம்பிக்கைக்கு மேலே கட்டிய மாடி.

6

இப்படிச் சொன்னதும், ஏழைகளின் சுவருக்கு அழகு சேர்க்கத்தானே இப்போது பெரிய பெரிய ஓவியங்கள் வரைகிறார்கள் என்று ஒருவர் கேட்கலாம். சென்னைக்குள்ளிருந்த குடிசைப் பகுதிகளிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்காகக் கட்டப்பட்ட கண்ணகி நகரின் அடுக்குக் கட்டடங்களில், 2020இல் ஒரு கலை அறக்கட்டளையும் ஒரு பெயிண்ட் நிறுவனமும் மாநகராட்சியோடு சேர்ந்து கட்டட உயரத்துக்குச் சுவரோவியங்கள் வரைந்தன. முகங்கள், சிரிப்புகள், அடர்த்தியான நிறங்கள். ஓவியர்களின் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. அங்கே உள்ள பிள்ளைகள் அதைப் பிடித்திருக்கிறது என்று சொன்னால் அதை மறுக்கும் உரிமையும் எனக்கு இல்லை. 'கண்ணகி நகர்' என்று முகவரி சொன்னாலே வேலை மறுக்கப்பட்டவர்களுக்கு ஊரின் பெயர் வேறு காரணத்துக்காக அடிபடுவது சிறிய விஷயமும் இல்லை.

ஆனாலும் ஒரு வேறுபாட்டைக் குறித்துவைக்க வேண்டும். உள்சுவர் குடியிருப்பவருடையது, வெளிச்சுவர் கொடுத்தவருடையது. வெளிச்சுவர் சாலையைப் பார்க்கிறது, காமிராவைப் பார்க்கிறது. உள்ளே தண்ணீர்க் கசிவில் பூச்சு உதிர்ந்தால் அது குடியிருப்பவரின் கவலை. வார இதழின் சூத்திரம் இங்கே நகர அளவுக்குப் பெரிதாகியிருக்கிறது: முதலில் படத்தைத் தேர்ந்துகொள், மற்றதைப் பிறகு பார்க்கலாம். மரக்காணத்து அம்மா படத்தால் மறைத்தது தன் சுவரின் உப்பை. அது அவர் வீடு, அவர் உப்பு. அரசும் நிறுவனமும் படத்தால் மறைப்பது யாருடைய உப்பை?

இதே கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில், கே.சி.எஸ். பணிக்கரும் மற்ற ஓவியர்களும் 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கியபோது பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று நிலத்துக்கும் சோற்றுக்கும் வழிபார்த்துக்கொண்டார்கள். படம் எழுத நிலம் வேண்டும், சுவர் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நவீன ஓவியத்துக்கும் நம் சிறுபத்திரிகைகளுக்கும் இருந்த உறவு பெரிது. ஆதிமூலத்தின் கோடுகள் இல்லாமல் நம் அட்டைகளை நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் அந்தக் கோடுகளைப் பற்றி எழுதிய நாம், கொண்டையராஜுவைப் பற்றி எழுதவில்லை. ஒருவரைத் தாங்கிய சுவர் நம் அறையில் இருந்தது, மற்றவரைத் தாங்கிய சுவர் நம் அம்மாக்களின் அடுக்களையில் இருந்தது. நமக்கு எது விமர்சனத்துக்குரிய சுவர் என்பது அங்கேயே தீர்மானமாகிவிட்டது.

நம் அறைகளையும் பார்த்துவிடுவோம். எழுதுகிறவர்கள், இயக்கத்தில் இருக்கிறவர்கள் அறையில் யார் இருப்பார் என்று எல்லாருக்கும் தெரியும். தொப்பியில் நட்சத்திரத்தோடு சே. 1960 மார்ச்சில் ஆல்பெர்த்தோ கோர்தா ஹவானாவில் எடுத்த படம், 1968இல் ஜிம் பிட்ஸ்பாட்ரிக் சிவப்பும் கறுப்புமாக மாற்றியது. பக்கத்தில் முறுக்கு மீசை பாரதி. தாடியோடு பெரியார். இப்போது கொஞ்ச காலமாகப் பூ வைத்த பிரீடா. இவர்களை மாட்டுவதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் நாம் இவர்களை எதன் மேல் மாட்டியிருக்கிறோம்? உதிராத சுவரின் மேல். சுற்றிலும் வெற்று இடம் விட்டு, கண்மட்டத்தில். வார இதழைக் கிண்டல் செய்யும் நம் அறையும் அதே சூத்திரத்தில்தான் நிற்கிறது, படம் மட்டும்தான் மாறியிருக்கிறது. தீப்பெட்டி லேபிளையும் பழைய சினிமா போஸ்டரையும் 'நாட்டுப்புற அழகு' என்று சட்டகம் போட்டு மாட்டும் புது வழக்கம் இதன் அடுத்த படி. சிவகாசியில் அந்த லேபிளை ஒட்டிய பிள்ளைகளின் விரல் அந்தச் சட்டகத்துக்குள் வருவதில்லை.

எதிர்ப் பக்கமும் ஒரு பள்ளம் இருக்கிறது. உழைக்கிறவர் வீட்டுச் சுவர் என்றாலே அதைப் புனிதப் பிரதியாக்கி மெய்மறந்து போவது. அந்தச் சுவரிலும் சாதிச் சங்கக் காலண்டர் இருக்கிறது. சிவந்த தோலுடைய சாமிகள் மட்டும்தான் அழகு என்று பெண்பிள்ளைக்குச் சொல்லித்தரும் படம் இருக்கிறது. நடிகனுக்குப் பால் ஊற்றும் போஸ்டர் இருக்கிறது. திருப்பரங்குன்றத்துச் சுவரில் அகலிகை இருந்த மாதிரிதான். அதைக் கேள்வி கேட்காமல் விடுவது மரியாதை இல்லை, அலட்சியம். அந்தச் சுவர்களையும் ஒருவர் கேட்க ஒருவர் சொல்லும் சுவர்களாக ஆக்க வேண்டும் என்பதே என் வாதம்.

7

ஆகவே, ஒரு அறையில் உள்ள படத்தை வாசிக்க நான் முன்வைப்பது மூன்று கேள்விகள். இதைக் கொடுத்தது யார்? இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது? இதைக் கழற்றும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? முதல் கேள்வி கடனையும் சந்தையையும் வெளியே கொண்டுவரும். இரண்டாவது, சுவரின் உப்பை. மூன்றாவது, சாதியையும் அரசையும். படம் அழகாக இருக்கிறதா என்பதை நான்காவது கேள்வியாகத் தாராளமாகக் கேட்கலாம். நெடுநல்வாடை அரசி கேட்டது அதுவும் இல்லைதான். அவள் படத்தைப் பார்த்துத் தன் நிலைமையைப் பார்த்தாள்.

உப்பளத் தொழிலாளருக்கு வீடு கட்டித் தரும் திட்டங்களைப் பற்றிப் பேசுகிற தோழர்கள் சதுர அடியைப் பற்றிப் பேசுகிறார்கள், கூரையைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தக் கரையில் அடித்தளத்துக்கு மேல் ஈரம் ஏறாமல் தடுப்பு வைத்துக் கட்டியிருக்கிறதா, கலவைக்கு நல்ல தண்ணீரும் உப்பில்லாத மணலும் போட்டார்களா என்றும் கேட்க வேண்டும். இது பொறியாளர் விவகாரம் என்று விட்டுவிட முடியாது. பூக்காத சுவர் கிடைத்தால்தான் அங்கே ஒருவர் மறைப்பதற்காக இல்லாமல் பார்ப்பதற்காக ஒரு படத்தை மாட்ட முடியும். எந்தப் படம் என்பதை அவர் முடிவு செய்துகொள்வார்.